பேரனைத் திட்டுவதற்கு முன் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு இது. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு. ஓய்வு பெற்றாலும் வாத்தியார் புத்தி போகாது.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேரனை, சொந்தக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் வைத்துப் பொய்யன் என்று சொன்னேன். அவன் பொய் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் பேசியவன் நான்தான்.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டு இண்டர்நெட்டுக்கு மாதத்துக்கு இவ்வளவு ஜிபி என்று ஒரு அளவு உண்டு. அது தீர்ந்துவிட்டால் வேகம் நத்தை மாதிரி ஆகிவிடும். தொடர்ந்து மூன்று மாதம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துபோனது. கம்பெனிக்கு ஃபோன் செய்தால், "உங்க லிமிட் முடிஞ்சுபோச்சு சார், வீட்ல பசங்க யாராவது நிறைய வீடியோ பாக்குறாங்களான்னு பாருங்க" என்றார்கள். வீட்டில் இருக்கும் ஒரே பையன் அவன்தான். கேட்டேன். "நான் இல்ல தாத்தா" என்றான். மறுமாதமும் கேட்டேன். அதே பதில். மூன்றாம் மாதம் டேப்லெட்டைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்குத்தான் அந்த வார்த்தையையும் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. டேப்லெட் பீரோவுக்குள் கிடந்த அடுத்த மாதமும் இருபத்தொன்றாம் தேதி லிமிட் தீர்ந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? "அம்மா ஃபோன்ல பாக்குறான் போல" என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்க பாத்தீங்களா?"

என் பழைய மாணவர் ஒருவர் தன் தங்கை கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர். காபி குடித்துக்கொண்டே என் புலம்பலைக் கேட்டவர், "சார், ரவுட்டர்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு பாத்தீங்களா?" என்றார். அதை எப்படிப் பார்ப்பது என்றே எனக்குத் தெரியாது. லேப்டாப்பைத் திறந்து, இணையதள முகவரி அடிக்கும் இடத்தில் 192.168.1.1 என்று அடித்தார். ஒரு பக்கம் வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. இணைப்பு கொடுத்துவிட்டுப் போன பையனுக்கு ஃபோன் போட்டேன். "அதெல்லாம் கஸ்டமருக்குக் குடுக்க மாட்டோம் சார்" என்று வைத்துவிட்டான்.

மாணவர் சிரித்துக்கொண்டே ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் ஒரு ஸ்டிக்கர். அதில் அச்சடித்திருந்தது: அட்மின், அட்மின். பெயரும் அதுவே, பாஸ்வேர்டும் அதுவே. அடித்தார், திறந்துகொண்டது.

உள்ளே ஒரு பட்டியல் இருந்தது. நம் ரவுட்டரோடு இந்த நிமிடம் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று வரிசையாகப் பெயர் போட்டிருந்தது. 34 வருடம் காலையில் பள்ளிக்கூடம் போனதும் முதல் வேலையாக வருகைப் பதிவேட்டைத் திறந்தவன் நான். அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. எங்கள் வீட்டில் இருப்பவை ஆறு: மூன்று ஃபோன், ஒரு லேப்டாப், ஒரு டிவி, பீரோவில் கிடக்கும் டேப்லெட். டேப்லெட்டைக் கழித்தால் ஐந்து வரி இருக்க வேண்டும். பதிவேட்டில் பதினேழு வரி இருந்தது.

பன்னிரண்டு பேர் எங்கிருந்து வந்தார்கள்? அதற்கும் விடை என் வீட்டு வாசலிலேயே இருந்தது. இணைப்பு கொடுக்க வந்த பையன் வைஃபை பெயராக என் பெயரையும், பாஸ்வேர்டாக என் மொபைல் நம்பரையும் வைத்துவிட்டுப் போயிருந்தான். "ஞாபகம் வச்சுக்க ஈஸியா இருக்கும் சார்." என் மொபைல் நம்பர் என் வீட்டுக் கேட்டில், மஞ்சள் பலகையில், ஒரு சாண் உயர எழுத்தில் இருக்கிறது: "கணக்கு டியூஷன் எடுக்கப்படும், தொடர்புக்கு" என்று. சாயங்காலம் ஆனால் எங்கள் வாசலை ஒட்டிய சிறுபாலத்தில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது, தலை குனிந்தபடி இருப்பார்கள். வாத்தியார் வீட்டு வாசல் என்று மரியாதையாக இருக்கிறார்கள் என்று பல நாள் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமைக்கு மாதாமாதம் பில் கட்டியவனும் நான்தான்.

அன்றே பாஸ்வேர்டுகளை மாற்றினோம். பாலம் இரண்டே நாளில் காலியானது. அடுத்த மாதம் முப்பதாம் தேதி வரை லிமிட் தீரவில்லை, அதுவும் பேரன் கைக்கு டேப்லெட் திரும்பிய பிறகு. நிரூபணம் முடிந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு ரவுட்டரின் சாவி வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை வீட்டுக்காரர் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இதைக் கெடுப்பவர்கள் மூன்று பேர்: இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகள், "எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிற என் வயதுக்காரர்கள், கண்காணிப்பு என்றால் பிள்ளையை வேவு பார்ப்பது என்று நினைக்கும் பெற்றோர்கள். மூன்று பேரோடும் இன்று எனக்கு வழக்கு இருக்கிறது.

முதலில் கம்பெனி. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை இணைப்பு முடிக்க வேண்டும் என்று அவனை விரட்டுகிறார்கள். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவன் செய்கிறான். சொல்லிக் கொடுத்தவர்களைத்தான் கேட்கிறேன். பாஸ்வேர்டைக் கொடுத்தால் வாடிக்கையாளர் எதையாவது கெடுத்துவிட்டுப் புகார் செய்வார் என்பது உங்கள் வாதம். சரி. உங்கள் லைன் சம்பந்தப்பட்ட அமைப்புகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதில் நாங்கள் கை வைக்கவில்லை. வைஃபை பெயர், பாஸ்வேர்டு, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல், இந்த மூன்றும் எங்களுடையவை. அதற்கு மட்டும் தனிக் கணக்கு கொடுக்கும் வசதி பல ரவுட்டர்களில் இருக்கிறது. அதைக் கொடுப்பதில் என்ன தடை? இதில் கொடுமை என்னவென்றால், எனக்குக் கொடுக்க மாட்டேன் என்ற அந்த ரகசியம் பெட்டியின் அடியில் அச்சாகியிருக்கிறது. அதே மாடல் வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் அதே சொல். என் வைஃபைக்குள் வந்த பன்னிரண்டு பேரில் யார் நினைத்திருந்தாலும் அதை அடித்து உள்ளே போயிருக்கலாம். வீட்டுக்காரனுக்கு மறைத்து, தெருவுக்குத் திறந்து வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

இது தீராத சிக்கலும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2020 ஜனவரி முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. இண்டர்நெட்டோடு இணையும் கருவிகளை, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பாஸ்வேர்டோடு விற்கக் கூடாது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாங்கியவர் முதலில் தானே ஒன்றை வைத்த பிறகுதான் வேலை செய்ய வேண்டும். அங்கே முடிந்தது நமக்கு ஏன் முடியாது?

மொபைல் நம்பரைப் பாஸ்வேர்டாக வைப்பதைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். கேட்டில் நம்பர் எழுதாதவர்களுக்கும் இது பொருந்தும். நம் நாட்டு மொபைல் எண்ணுக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. மீதி ஒன்பது இடத்திலும் எதுவும் வரலாம். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். பெரிய எண்ணாகத்தான் தெரியும். ஆனால் நம் ஃபோன் ரவுட்டரோடு இணையும்போது இரண்டும் பரிமாறிக்கொள்ளும் செய்தியை ஒருவர் அருகில் இருந்து பதிவு செய்துகொண்டால் போதும். அதற்குப் பிறகு அவர் நம் தெருவுக்கே வர வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். விளையாட்டுக்காக வாங்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 4 இலட்சம் எண்களைச் சோதிக்கும். 400 கோடியை 4 இலட்சத்தால் வகுங்கள். 10,000 நொடி. மூன்று மணி நேரம்கூட இல்லை. ஒரு சினிமா பார்த்து வருவதற்குள் முடிந்துவிடும்.

இன்னொரு கணக்கு. ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி உண்டு. பாஸ்வேர்டு அடிக்காமல் எட்டு இலக்க எண்ணால் இணைய வழி. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு என்று தோன்றும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் அதன் ஓட்டையை வெளியிட்டார். கடைசி இலக்கம் மற்ற ஏழு இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் போடும் சரிபார்ப்பு எண், ஆகவே அதைத் தேட வேண்டியதில்லை. அதோடு, முதல் நான்கு இலக்கம் சரியா தப்பா என்பதை ரவுட்டர் தனியாகக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. முதல் பாதிக்கு 10,000, அடுத்த பாதிக்கு 1,000, கூட்டினால் 11,000 முயற்சிதான். விடைத்தாளைப் பாதி பாதியாகத் திருத்திச் சொல்லும் வாத்தியாரிடம் எந்தப் பையனும் பாஸ் ஆகிவிடுவான் அல்லவா? அந்தக் கதைதான். பின்னால் வந்த ரவுட்டர்கள் தப்பு முயற்சிகள் அதிகமானால் நிறுத்திவிடும்படி செய்யப்பட்டன. நம் வீட்டில் இருப்பது எந்தக் காலத்துப் பெட்டியோ? அந்த வசதியை அணைத்துவிடுவதே நல்லது.

அடுத்து என் வயதுக்காரர்கள். "நம்ம வீட்ல என்ன இருக்கு திருட? பென்ஷன் பேப்பரா?" என்கிறீர்கள். நம் வீட்டுக்குள் வருபவருக்கு நம் பொருள் எதுவும் வேண்டியதில்லை. நம் பெயர் போதும். 2008 ஜூலை 26-ம் தேதி அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு பொறுப்பேற்று ஒரு மின்னஞ்சல் டிவி சேனல்களுக்குப் போனது. போலீஸ் அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போய் நின்ற இடம், நவி மும்பையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வீடு. அங்கே இருந்தவர்களின் வைஃபை பூட்டப்படாமல் இருந்தது. அதை வேறு யாரோ பயன்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் விசாரணையைச் சந்திக்க வேண்டியிருந்தது. அவருடைய குற்றம், வைஃபைக்குக் கதவு போடாதது மட்டுமே.

அது போகட்டும், 2016-ல் நடந்ததைப் பாருங்கள். மிராய் என்று ஒரு கெட்ட புரோகிராம் உலகம் முழுக்கப் பரவியது. கேமராக்கள், வீடியோ பதிவுப் பெட்டிகள், வீட்டு ரவுட்டர்கள் எல்லாவற்றையும் பிடித்தது. அதனிடம் இருந்த ஆயுதம், கம்பெனிகள் வைத்து அனுப்பும் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளின் பட்டியல், அவ்வளவுதான். அறுபதுக்குச் சற்று அதிகமான ஜோடிகள். அட்மின், அட்மின் அதில் ஒன்று. அப்படிப் பிடிபட்ட பெட்டிகளை ஒரே நேரத்தில் ஏவியதில், அந்த ஆண்டு அக்டோபர் 21-ம் தேதி அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டர், நெட்ஃபிலிக்ஸ் போன்ற தளங்கள் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. அந்தப் புரோகிராமை எழுதியதாக மறு ஆண்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர்கள் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். பெட்டியின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பெட்டி அந்த வேலை செய்தது இன்று வரை தெரியாது. நம் வீட்டுப் பெட்டி ராத்திரி எங்கே போய்வருகிறது என்று நமக்கு மட்டும் தெரியுமா?

"பையன் பாத்துப்பான்" என்பது அடுத்த சாக்கு. பையன் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். கேஸ் சிலிண்டர் மாற்றக் கற்றுக்கொண்டோம், ஏடிஎம்மில் பணம் எடுக்கக் கற்றுக்கொண்டோம், பேத்திக்கு வீடியோ கால் போடக் கற்றுக்கொண்டோம். இது அதைவிடக் கஷ்டம் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, கம்ப்யூட்டரையே ஐம்பது வயதுக்கு மேல் தொட்டவன் நான். எனக்கு அரை மணி நேரம் ஆனது.

சிலர் நல்ல மனதோடு கேட்பார்கள்: "தாகத்துக்குத் தண்ணி குடுக்குறோம், திண்ணையில படுக்க இடம் குடுத்த ஊர் நம்மளுது. பாவம், பசங்க வைஃபை எடுத்துட்டுப் போகட்டுமே சார்?" கொடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் திண்ணையில் படுத்தவர் நம்மைக் கேட்டுவிட்டுப் படுத்தார். அவர் திண்ணையில் இருந்தார், பீரோ இருக்கும் அறையில் இல்லை. ரவுட்டரிலும் திண்ணை உண்டு. கெஸ்ட் நெட்வொர்க் என்று பெயர். விருந்தாளிக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. அவர்கள் இண்டர்நெட் பார்க்கலாம், நம் லேப்டாப், டிவி இருக்கும் பக்கம் வர முடியாது. பாலத்துப் பையன்களில் இரண்டு பேர் உண்மையிலேயே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களைக் கூப்பிட்டு அந்தத் திண்ணையைக் கொடுத்திருக்கிறேன். நானாகக் கொடுத்தது என்பதால் மனதும் நிறைகிறது.

கடைசி வழக்கு பெற்றோர்களோடு. இதைப் படித்துவிட்டு, "அப்ப ரவுட்டர்ல பிள்ளை என்ன பாக்குதுன்னு முழுசாப் பாத்துடலாமா சார்?" என்று கேட்கப் போகிறவர்கள் உண்டு. முதலில், முடியாது. இப்போது பெரும்பாலான தளங்களில் தகவல் பூட்டுப் போட்டுத்தான் போகிறது. சில ரவுட்டர்கள் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று காட்டும். உள்ளே என்ன படித்தார்கள், வாட்ஸ்அப்பில் என்ன பேசினார்கள் என்பதைக் காட்டாது. இரண்டாவது, முடிந்தாலும் வேண்டாம். வகுப்பில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது வாத்தியாரின் கடமை. பையனின் பையைத் திறந்து நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படிப்பது கடமை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பிள்ளைகளின் கருவிக்கு இணைப்பு வேண்டாம் என்றால் பல ரவுட்டர்களில் நேரம் குறிக்கலாம். அதைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, சொல்லிவிட்டு, முடிந்தால் அவன் கையாலேயே செய்யுங்கள். திருட்டுத்தனமாகச் செய்தால் அவன் ஒரே வாரத்தில் அதைத் தாண்டக் கற்றுக்கொள்வான். நம்மை நம்பக் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வான்.

சரி, வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது:

1. ரவுட்டரின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் அந்த முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஸ்டிக்கரில் இருப்பது வேலை செய்யவில்லை என்றால் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கவே மாட்டேன் என்றால், சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி அவர்கள் பெட்டியோடு இணைத்து, அவர்கள் பெட்டியின் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள்.

2. முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து வைஃபை பாஸ்வேர்டு. இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும். சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், மறக்காது. மொபைல் நம்பர், பிறந்த தேதி, வண்டி நம்பர் கூடவே கூடாது. வைஃபை பெயரில் உங்கள் பெயரோ வீட்டு எண்ணோ வேண்டாம்.

3. பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். டபிள்யூஇபி என்று இருந்தால் அது 2001-லேயே உடைந்துபோன பூட்டு. டபிள்யூபிஎஸ், ரிமோட் மேனேஜ்மென்ட் இரண்டையும் அணையுங்கள். புதிய ஃபர்ம்வேர் இருந்தால் ஏற்றுங்கள்.

4. கனெக்டட் டிவைசஸ் அல்லது டிஹெச்சிபி கிளையன்ட் லிஸ்ட் என்று இருப்பதுதான் வருகைப் பதிவேடு. வீட்டில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து எது எந்த வரி என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரி வைத்துக்கொள்ளும், பெயர் தெரியாத வரியெல்லாம் திருடன் என்று பதற வேண்டாம். கணக்கு உதைத்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, பில் கட்டும் அன்று, எண்ணிப் பாருங்கள்.

5. பின்பக்கத்து ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டுக் குத்தாதீர்கள். கம்பெனியின் அமைப்பும் சேர்ந்து அழிந்து இணைப்பே போய்விடலாம்.

எங்கள் வீட்டில் இந்த வேலையை இப்போது பேரன்தான் பார்க்கிறான். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி லேப்டாப்பைத் திறந்து, "தாத்தா ஃபோன்", "பாட்டி ஃபோன்" என்று அவன் பெயர் கூப்பிடுவான். நாங்கள் "உள்ளேன் ஐயா" என்போம். சொந்தக்காரர்கள் முன்னால் நான் சொன்ன சொல்லை அதே சொந்தக்காரர்கள் முன்னாலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன். "பரவால்ல தாத்தா" என்றான். அவனுக்குப் பரவாயில்லாமல் இருக்கலாம். எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையை ஏதாவது சொல்வதற்கு முன் தயவுசெய்து அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். எத்தனை வரி வந்தது என்று கீழே எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் இந்த வாத்தியார் அடிக்க மாட்டார்.